காரியாலயக் கணினியின் முறைமையை மாற்றுவதா?

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தபோது வாலிப அங்கத்தினர் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். அவர்களில் ஒருவர் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். ஒருவர் சிறியதொரு அச்சகத்தில் வேலை பார்ப்பவர். மற்றொருவர் கூட்டுறவுச் சங்கமொன்றின் இலிகிதர். மூவரும் கேட்ட வினா ஒன்றே. "எங்கள் கந்தோர்க் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கு ஆயுள் முடிந்துவிட்டதென்று திரையிலே அறிவித்தல் வருகிறது. 11க்கு மாற்றத்தான் வேண்டுமா, ஐயா?" பக்கத்தில் நின்ற நமது செயலாளர், வாசலில் நின்று மூவருக்குச் சொல்வதை மேடையில் நின்று எல்லோருக்கும் சொல்லும்படி கட்டளையிட்டுவிட்டார். நான் கணினி கற்ற பொறியியலாளன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சம்பளப் புத்தகம் எழுதிவரும் இலிகிதன். ஆயினும் இவ்விஷயத்தில் ஒரு முறை பிழைவிட்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

பெரியோர்களின் பொருட்டு முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். கணினியை ஒரு கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் போடும் நிரலும், கடிதம் எழுதும் நிரலும், படம் காட்டும் நிரலும் அங்கே வேலை செய்யும் இலிகிதர்கள். அலுமாரித் திறப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னாருக்கு இன்ன கோவையைக் கொடுக்கலாம், இன்னார் அச்சுப்பொறியைப் பாவிக்கலாம் என்று அனுமதித்து, வாசலில் வருவோரையும் விசாரித்து விடுபவர் ஒருவர் வேண்டுமல்லவா? அந்தத் தலைமை இலிகிதர்தான் நமது பிள்ளைகளின் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று குறிப்பிடும் மென்பொருள். விண்டோஸ் என்பது அவ்வாறான ஒன்று. மற்ற இலிகிதர்கள் எல்லோரும் அவருடைய பழக்கவழக்கத்தை அறிந்தே வேலை செய்பவர்கள். ஆகவே தலைமை இலிகிதரை மாற்றும்போது, மேசையிலிருக்கும் மற்றவர்களில் யாராவது ஒருவர் "இவரோடு எனக்கு வேலை செய்ய வராது" என்று எழுந்து போய்விடலாம். நான் கண்ட துன்பம் அத்தகையது.

நான் வேலை பார்க்கும் தாபனத்தில் அக்காலத்தில் 56 தொழிலாளர் இருந்தனர். அவர்களுடைய சம்பளம், முற்பணம், லீவு, ஊழியர் சேமலாப நிதி ஆகிய யாவும் ஒரே கணினியில், ஒரே நிரலில் இருந்தன. அந்த நிரலை 1998ஆம் ஆண்டில் ஊர் வாலிபர் ஒருவர் டொஸ் முறைமைக்காக எழுதித் தந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சுட்டியை அது அறியாது. ஆனால் ஒரு சதம் பிசகாது. விண்டோஸ் எக்ஸ்பியிலும், பின்பு 32 பிற்று விண்டோஸ் 7இலும் அது ஓடிக்கொண்டே வந்தது.

2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. முதலாளி பத்திரிகையில் படித்துவிட்டு என்னைக் கேட்டார். நான் ஒரு தொழில்நுட்பக்காரரை அழைத்தேன். அவர் நினைவகத்தைக் கூட்டி 64 பிற்று விண்டோஸ் 10 போட்டால் கணினி வேகமாக ஓடும் என்றார். அது உண்மையே. அவர் சொல்லாமல் விட்டதும் நான் கேட்காமல் விட்டதும் இரண்டு. முதலாவது, 32 பிற்று முறைமையிலிருந்து 64 பிற்று முறைமைக்கு உள்ளதை வைத்துக்கொண்டு ஏற முடியாது; வன்தட்டிலுள்ள பழைய முறைமையை அகற்றிப் புதிதாகவே நிறுவ வேண்டும். இரண்டாவது, 64 பிற்று விண்டோஸ் எதுவும் டொஸ் நிரல்களை ஓட்டாது.

தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை வேலை நடந்தது. "உங்கள் ஆவணங்களைப் பிரதி எடுத்துவிட்டேன்" என்றார் அவர். எடுத்திருந்தார்தான். 'டொக்கியூமென்ற்ஸ்' என்ற உறைக்குள் இருந்த கடிதங்களும், எங்கள் ஆண்டு விழாப் படங்களும் பத்திரமாக இருந்தன. சம்பள நிரலோ அந்த உறைக்கு வெளியே, வன்தட்டின் வேரிலே தனியொரு பெயரில் இருந்தது. திங்கட்கிழமை காலை நான் தேடியபோது அது இல்லை. என் மேசை லாச்சியில் கிடந்த பென் டிரைவில் ஒக்டோபர் மாத முடிவில் எடுத்த பிரதி ஒன்று இருந்தது. அதைப் பழைய கணினியொன்றில் போட்டு, நவம்பர், டிசெம்பர் கணக்குகளைக் காகிதத்திலிருந்து மீண்டும் பதிந்து, இரண்டு இரவு விழித்து, 25ஆம் திகதிச் சம்பளத்தை ஒருவாறு கொடுத்து முடித்தோம். முதலாளி பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன்.

அம்மாதம் சம்பள உறையை வாங்கிய ஒரு தொழிலாளப் பெண் சிறிது நேரம் மேசையருகே நின்றார்.

"ஐயா, என்ரை முற்பணக் காசு மார்கழியோடை கட்டி முடிஞ்சுதெல்லே?"

"இல்லையம்மா, மெசினிலை இன்னும் ஐயாயிரம் நிக்குது."

"அப்ப நான்தான் பிழையா எண்ணிப்போட்டன் ஆக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்து ஒரு பிஸ்கட் ரின்னோடு வந்தார். அதற்குள் நான்கு வருடச் சம்பளத் துண்டுகள் மாத வரிசையில் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. நவம்பரில் 2,500 ரூபா, டிசெம்பரில் 2,500 ரூபா, இரண்டிலும் முற்பணக் கழிவு தெளிவாக அச்சாகியிருந்தது. நான் காகிதத்திலிருந்து மீளப் பதிந்தபோது சம்பளத்தைப் பதிந்தேன், சேமலாப நிதியைப் பதிந்தேன், முற்பணப் பத்தியை மறந்தேன். அவர் முற்றாகக் கட்டிவிட்ட கடனில் 2,500 ரூபாவை மீண்டும் வெட்டியிருந்தேன். அதனை உடனே திருப்பிக் கொடுத்தோம். வேறு நால்வருக்கும் அவ்வாறே கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் துண்டுகளை அவர் அடுப்பெரிக்கப் பாவித்திருந்தால் யான் என் செய்திருப்பேன்? அவர் சொல்லையும் என் கணினி சொல்லையும் எதிரெதிரே வைத்து, கணினியை நம்பினவன் நான். அவரோ தன் எண்ணிக்கையையே சந்தேகித்துக்கொண்டு வீடு போனவர்.

காரியாலயக் கணினி என்பது நமது சொந்தப் பொருள் அன்று. வீட்டுக் கணினி பழுதானால் நமக்குப் பாட்டும் படமும் போகும். காரியாலயக் கணினி பழுதானால் பிறருடைய உழைப்பின் சாட்சி போகும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 கட்டுகிறார், தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 கட்டுகிறார். அது ஒரு மனிதனின் முதுமைக் காலத்துச் சோறு. அதன் கணக்கு இருக்கும் பெட்டியின் முறைமையை மாற்றுவதா விடுவதா என்பதை "புதியது நல்லது" என்றோ "பழையதே போதும்" என்றோ வாய்க்கு வந்தபடி தீர்மானிக்கலாமா?

இனி நம் வாலிபர்களின் வினாவுக்கு வருகிறேன்.

விண்டோஸ் 10, 2015ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி வெளிவந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கான பொதுப் பராமரிப்பை நிறுத்தியது. நிறுத்தியது என்றால் கணினி அன்றிரவே நின்றுவிடும் என்பதன்று. அது முன்போலவே ஓடும். அதுவே அபாயமும் ஆகும், ஏனெனில் கெட்டுப்போனதற்கு அடையாளம் ஒன்றும் வெளியே தெரியாது. மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அந்நிறுவனம் தன் முறைமைகளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைத்துத் திருத்தங்களை வெளியிடுவது வழக்கம். 11இன் ஓட்டை அடைக்கப்படும்போது, அடைத்த இடத்தை ஆராய்ந்து ஓட்டை எங்கே இருந்தது என்பதைக் கெட்ட எண்ணமுள்ளவர்கள் கண்டுகொள்கின்றனர். இரண்டு முறைமைகளும் ஒரே வமிசம் ஆதலால் அதே ஓட்டை 10இலும் இருக்கக்கூடும். அங்கே அதை அடைப்பார் இல்லை. அயல்வீட்டுக்காரன் தன் வேலியிற் பொட்டடைப்பதைப் பார்த்துத் திருடன் நம் வேலியில் அதே இடத்தைத் தேடுவது போன்றது இது.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2017 மே 12ஆம் திகதி 'வன்னாக்கிறை' என்ற தீநிரல் உலகெங்கும் பரவி, கணினிகளிலுள்ள கோவைகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை மிகவும் பாதிக்கப்பட்டது. அங்குள்ள 236 வைத்தியசாலை நிருவாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; 19,000க்கு மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. மார்க்கஸ் ஹச்சின்ஸ் என்ற 22 வயது வாலிபர் அந்நிரல் தேடிக்கொண்டிருந்த ஓர் இணையப் பெயரைத் தம் பேரில் பதிவு செய்ததனால் அதன் பரவல் அடங்கிற்று. இங்கிருக்கும் இளைஞர்கள் அந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆனால் நான் இதனைச் சொல்வது வேறொரு காரணத்துக்காக. பழைய எக்ஸ்பி முறைமையை வைத்திருந்ததால்தான் அவ்வைத்தியசாலைகள் அகப்பட்டன என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். பின்பு விசாரித்த கணக்காய்வாளர்கள் கண்டது அதுவன்று. பாதிக்கப்பட்ட கணினிகளிற் பெரும்பாலானவை அன்று பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7 கொண்டவை. அதற்கான திருத்தம் மார்ச் 14ஆம் திகதியே, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்துவிட்டது. அதை எடுத்துப் போடுவார் இல்லை. ஆகவே, 11க்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக நித்திரை செய்ய எண்ணுபவர்கள் இதனைக் கவனிக்க. மாறிய பின்பும் மாதந்தோறும் வரும் திருத்தத்தை "பிறகு பார்ப்போம்" என்று அமத்தி விடுவோமாயின், மாறியதன் பிரயோசனம் யாது?

நமது நாட்டிலும் உதாரணம் உண்டு. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினி மின்னஞ்சல் சேவை இத்தகைய கப்பம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. அங்கு பழையதாய் இருந்தது பணிசெயல் முறைமை அன்று, அதன்மேல் ஓடிய மின்னஞ்சல் மென்பொருள். மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பராமரிப்பு அவ்வருடம் ஏப்ரில் மாதமே முடிந்திருந்தது. 2021ஆம் ஆண்டிலிருந்தே புதுப்பிக்க எண்ணியிருந்தும், பணத் தட்டுப்பாட்டினாலும் முந்திய சபைத் தீர்மானங்களினாலும் பிந்திவிட்டது என்று பொறுப்பாயிருந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. அந்த விளக்கத்தைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. பணம் இல்லை, பிறகு பார்ப்போம் என்று 2022ஆம் ஆண்டில் சொல்லாத கந்தோர் இந்நாட்டில் எது? ஆனால் புதுப்பிக்கப் பணம் இல்லாதபோதும் பிரதி எடுக்க முடியும். மே மாதத்துக்குப் பிந்திய தனிப் பிரதி ஒன்று எங்காவது இருந்திருப்பின், போனது சில நாட்களின் வேலையாகவே இருந்திருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிடின் நீதியாகாது. புதியதைக் கண்டு அஞ்சுபவர்கள் மூடர் அல்லர். 2024 ஜூலை 19ஆம் திகதி கிறவுட்ஸ்றைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றுபோயின. விமானங்கள் பறக்கவில்லை, வங்கிகள் தடுமாறின. காவலுக்கு வைத்தவனே கதவை உடைத்த கதை. புதியது வந்த அன்றே காரியாலயக் கணினியில் அதைப் போடுவது வீரம் அன்று. சில வாரம் பொறுத்து, பிறர் அடிபடுவதைப் பார்த்துப் போடுவதில் வெட்கம் இல்லை. ஆனால் சில வாரம் வேறு, சில வருடம் வேறு.

ஆயின் நம் முன்னுள்ள வழிகள் எவை? உங்கள் கணினி ஏற்குமாயின் 10இலிருந்து 11க்கு மாறுவதற்குக் கட்டணம் இல்லை. ஏற்குமா என்பதே கேள்வி. 4 கிகாபைற்று நினைவகம், 64 கிகாபைற்று இடம் என்பன பெரும்பாலும் இருக்கும். தடுக்கி விழுவது வேறிரண்டில்: ரீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், அங்கீகரிக்கப்பட்ட செயலியும். இன்ரெல் செயலியாயின், சொற்ப விலக்குகள் நீங்கலாக, 2017ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நம்மூர்க் கடைகளில் 'றீகண்டிஷன்' என்று வாங்கிய கந்தோர்க் கணினிகளிற் பல ஆறாம் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தவை. இந்தத் தடையைச் சுற்றிக் குறுக்கு வழியால் 11ஐ நிறுவித் தருவோர் உளர். அவ்வாறு நிறுவிய கணினிக்குப் பின்வரும் திருத்தங்கள் கிடைக்குமென்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. வீட்டில் செய்து பாருங்கள். சம்பளப் புத்தகம் இருக்கும் இடத்தில் நான் செய்ய மாட்டேன்.

சில்லு இருந்தும் இல்லையென்று காட்டுவதும் உண்டு. அது பெரும்பாலும் கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். புதிய கணினி வாங்கு என்று கடைக்காரர் சொன்னவுடன் பணத்தை எண்ணாமல் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கந்தோரில் ஒரு கணினி அவ்வாறே தப்பிற்று.

ஏற்காத கணினிக்கு, பழைய முறைமைக்கே காசு கட்டித் திருத்தம் பெறும் வழியையும் அந்நிறுவனம் அறிவித்தது. வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருடத்துக்கு 30 டொலர். சில நிபந்தனைகளுக்கு உடன்பட்டால் இலவசம். தாபனங்களுக்கோ கணினி ஒன்றுக்கு முதல் வருடம் 61 டொலர், இரண்டாம் வருடம் 122, மூன்றாம் வருடம் 244. முதல் வருடத்தைத் தாண்டி இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்று எண்ண வேண்டாம். விட்ட வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்று வருடமும் கட்டினால் 427 டொலர். அதற்கு நல்ல றீகண்டிஷன் கணினியே வாங்கிவிடலாம். ஆதலால் இதனைத் தவணை வாங்கும் வழியாகக் கொள்ளலாமேயன்றித் தீர்வாகக் கொள்ளலாகாது.

லினக்ஸ் என்று ஒரு குடும்பம் உண்டு. காசு இல்லை; பழைய கணினியிலும் இலகுவாக ஓடும்; பராமரிப்பும் ஒழுங்காக வரும். கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டுமே பாவிக்கும் கணினிக்கு நான் அதனைத் தயங்காமல் சொல்லுவேன். ஆனால் உங்கள் கணக்கு நிரல் விண்டோஸில் மட்டுமே ஓடுமெனில் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியதே.

இன்னொன்றையும் கூச்சத்தை விட்டுச் சொல்ல வேண்டும். நம் சிறு கந்தோர்களிற் பலவற்றில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸே அன்று. கடைக்காரர் பூட்டை உடைத்துப் போட்டுத் தந்த களவுப் பிரதி. பூட்டை உடைக்கப் பயன்படுத்திய நிரல் வேறு என்னென்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? அத்தகைய கணினியில் 10ஆ 11ஆ என்று ஆராய்வது, கூரையில்லாத வீட்டுக்கு எந்த நிறம் பூசுவது என்று ஆராய்வதாகும்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பி, தமிழ் எழுத்துகள் என்னவாகும் என்று தனியே கேட்டார். பாமினி எழுத்துரு முறைமையை நம்பி இருப்பதன்று. அது ஆங்கில எழுத்துகளின் ஆசனத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த ஒரு கோவை. அந்தக் கோவையைப் பத்திரமாக எடுத்து வைத்துப் புதிய முறைமையில் நிறுவினால் பழைய மலர்கள் எல்லாம் முன்போலவே தெரியும். எடுத்து வைக்காவிடின் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். அதைக் கண்டு கோவை கெட்டுவிட்டதென்று அழித்தவர்களை நான் அறிவேன். லதா எழுத்துருவோ விண்டோஸ் 10 தொடக்கம் மேலதிக வசதியாக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. புதிதாக நிறுவிய கணினியில் அது இல்லாதுபோனால், அமைப்புப் பகுதியில் தமிழ் மேலதிக எழுத்துருக்கள் என்பதைத் தெரிந்து சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிடில் நிர்மலா என்ற எழுத்துரு அதன் இடத்தில் வந்து நிற்கும். எழுத்துகள் பிழையாகா, ஆனால் வரிகளும் பக்கங்களும் தள்ளிப்போகும். 120 பக்க மலரில் அது சிறிய விஷயமன்று என்பதை நமது மலராசிரியர் அறிவார்.

இப்பொழுது என் முடிவைச் சொல்லுகிறேன். இணையத்தோடு தொடர்புள்ள காரியாலயக் கணினியில், பராமரிப்பற்ற முறைமையை வைத்திருப்பது சரியன்று, மாற்ற வேண்டும். ஆனால் மாற்றுவதா என்று கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இந்தக் கணினி இன்று மாலை எரிந்துபோனால் நாளைக் காலை எதை வைத்துச் சம்பளம் போடுவீர்? அதற்கு விடை இல்லாதவர், மாற்றினாலும் அபாயத்தில் இருக்கிறார், மாற்றாவிட்டாலும் அபாயத்தில் இருக்கிறார். பிரதி இருக்கிறது என்பது விடையன்று. என்னிடமும் பிரதி இருந்தது. அந்தப் பிரதியை வேறொரு கணினியில் போட்டு, நிரலைத் திறந்து, சென்ற மாதச் சம்பளப் பட்டியலை அச்சடித்து, கோவையிலுள்ள காகிதத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தீரா என்பதே கேள்வி. முற்பணப் பத்தி உட்பட.

அதன் பின்பு நாளைத் தெரிய வேண்டும். 10இலிருந்து 11க்கு உள்ளதை வைத்துக்கொண்டே ஏறும்போது, பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பிச் செல்லும் வாய்ப்பு உண்டு. அதற்குத் தவணை 10 நாள். அதற்குள் ஒரு கட்டளையை இட்டு 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். ஆயினும் அதைச் செய்பவர் அரிது. தவணை கழிந்தால் பழைய முறைமை தானே அழிக்கப்பட்டுவிடும். கந்தோர் வேலையோ நாளாந்தம் ஒரேமாதிரி நடப்பதன்று. சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. முதலாம் திகதி மாற்றிவிட்டு, கடிதம் அச்சாகிறது, எல்லாம் சரி என்று இருந்தால், 25ஆம் திகதி சம்பள நிரல் அச்சுப்பொறியோடு பேச மறுக்கும்போது திரும்பும் வழி அடைபட்டிருக்கும். ஆகவே 25ஆம் திகதி சம்பளம் கொடுக்கும் கந்தோர் 17ஆம் அல்லது 18ஆம் திகதி மாற்றுவதே நன்று. மாற்றிய மறுநாளே ஒரு பொய்ச் சம்பளம் போட்டுப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பக்காரர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் அல்லது மாத முடிவு என்பார்கள். அது அவர்களுக்கு வசதியான நாள்.

வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புத் திறப்பாகிய 48 இலக்கங்களையும் மாற்றத்துக்கு முன்பே ஒரு கடதாசியில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கணினிக்குள் சேமித்து வைத்தால், திறப்பைப் பூட்டிய அறைக்குள் வைத்ததாகும்.

எங்கள் கந்தோரில் என்ன செய்தோம் என்று அறிய விரும்புவீர்கள். 2025ஆம் ஆண்டில் மூன்று கணினிகள் இருந்தன. இணையமும் மின்னஞ்சலும் பாவிக்கும் ஒன்றை அவ்வருடம் செப்டெம்பரிலேயே 11க்கு மாற்றிவிட்டோம். ஏற்காத ஒன்றில் லினக்ஸ் போட்டோம்; அதிலே கடிதம் எழுதும் பெண்பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார், பிறகு மறந்துவிட்டார். மூன்றாவது சம்பளக் கணினி. 1998இன் டொஸ் நிரல் இன்னும் அதில்தான், 32 பிற்று விண்டோஸ் 10இன் மேல் இருக்கிறது. 11 என்பது 64 பிற்றில் மட்டுமே வருவதால் அங்கே அந்நிரல் தானே ஓடாது. அதன் வலைக் கம்பியைக் கழற்றிவிட்டேன். பென் டிரைவும் வைரஸைக் கொண்டுவரும் ஆதலால், ஒரேயொரு பென் டிரைவுக்குச் சிவப்பு நூல் கட்டி, அது தவிர வேறொன்றும் அதில் செருகக்கூடாது என்று எழுதி ஒட்டினேன். இதனை நிரந்தர ஏற்பாடாக நான் கருதவில்லை. டொஸ் கணினி ஒன்றை உள்ளே பாவனை செய்து காட்டும் நிரல்கள் இலவசமாக உண்டு. அவற்றுள் ஒன்றை 11இல் நிறுவிப் பழைய சம்பளப் புத்தகத்தை அதற்குள் ஓட்டிப் பார்த்துவருகிறோம். கணக்குச் சரியாக வருகிறது. டொட் மற்றிக்ஸ் அச்சுப்பொறி மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. முதலாளி சம்பளத் துண்டைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்டார். போதாது, காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை அவர் கேட்கவில்லை.

வரும் மாதம் 17ஆம் திகதி அந்தச் சம்பளக் கணினியை மாற்ற எண்ணியுள்ளோம். மூன்று மாதப் பட்டியலை அச்சடித்துப் பழையதோடு ஒப்பிட நான்கு கண்கள் போதா. கணினி வேலை பழக விரும்பும் அங்கத்தினர் இருவர் மூவர் அன்று பின்னேரம் வந்து உதவினால் நன்றியுடையவனாவேன். தேநீர் உண்டு. பென் டிரைவ் கொண்டுவர வேண்டாம்.